என் நாக்குக்கு ‘ழ’ வந்த வருடம்

2024 ஜனவரி 16

வீட்டுக்குத் திரும்பும் ஹந்தானை பஸ்ஸில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். முதல் பாடம் பதிந்தாயிற்று! கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கும் தொண்டு வேலை. சம்பளம் இல்லை. “சம்பளம் இல்லாம சத்தம் போட்டு வாசிக்கவா ஒன்னைய படிக்க வச்சோம்?” என்றார் அம்மா. ஒரு வருடம் அவகாசம் கேட்டிருக்கிறேன். அதற்குள் நல்ல வேலை கிடைக்காவிட்டால் டவுன் புடவைக்கடைதான்.

பெப்ரவரி 20

மானம் போயிற்று. கெலிஓயாவில் அனீஸா என்று ஒரு கண் தெரியாத பிள்ளை, என் பதிவைக் கேட்டுத்தான் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். கட்டுரையில் ‘உளைப்பு’, ‘வாள்க்கை’ என்று எழுதியிருக்கிறாள். மார்க்ஸ் போச்சு. அவள் என்ன செய்வாள், என் வாயில் வந்ததைத்தானே எழுதுவாள்? எனக்கு ழ வராது. வராது என்பதே இன்றுதான் தெரியும்!

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதேனா, அளுதேனா?

பெப்ரவரி 24

அனீஸா தன் டீச்சரிடம் கேட்டு வந்து போனில் சொல்லித் தந்தாள். “நாக்க மேல மடிங்க அக்கா, ஆனா ஒட்ட வாணாம்.” குர்ஆன் ஓதிப் பழகிய காது. ஏமாற்ற முடியாது.

மார்ச் 3

வாழைப்பழம். மழை. கோழி. கிழங்கு.

மார்ச் 19

பிள்ளைக்குப் பல்வலியா என்று அம்மாவிடம் விசாரித்தாராம் பக்கத்து லயத்து வீட்டு ரத்தினம்மா.

ஆகஸ்ட் 11

பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப வாசித்து முடித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். அனீஸா சொன்னது: “நல்லா ஈக்கி. ஆனா பக்கம் திருப்ப முந்தி எச்சில் முழுங்குறீங்க.”

ராட்சசி!

டிசம்பர் 5

புடவைக்கடையில் ஜனவரி முதலாம் திகதி வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா சரி என்றும் சொல்லிவிட்டார். ஆனால் ரயில்வே ஸ்டேஷனுக்குத் தமிழ் அறிவிப்பாளர் தேவையாம்! பன்னிரண்டாம் திகதி நேர்முகம். ஐயோ, ஐயோ.

டிசம்பர் 12

முன் அனுபவம் என்ன என்றார்கள். ஒரு வருடம் சும்மா வாசித்தேன் என்றேன். சும்மாவா! பதினொரு புத்தகம்! ஒரு தாளைத் தந்து வாசிக்கச் சொன்னார்கள். முதல் சொல்லே கொழும்பு. பிறந்ததிலிருந்து நான் ‘கொளும்பு’ என்று சொல்லி வந்த அதே கொழும்பு. நாக்கை மடித்தேன், ஒட்டவில்லை. நேர்முகம் நடத்திய யாழ்ப்பாணத்து மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த ழகரம் ஆரிட்டைப் பழகினனீங்கள்?”

“நான் வாசிச்சுக் குடுத்த பிள்ளைக்கிட்டதாங்க.”

டிசம்பர் 27

கடிதம் வந்தது. அம்மாவே புடவைக்கடைக்குப் போய், பிள்ளை வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

2025 பெப்ரவரி 3

ஸ்டேஷனில் மைக் முன்னால் உட்கார்ந்தேன். கொழும்பு கோட்டை நோக்கிப் புறப்படும் ரயில் என்று தொடங்கி, முழுவதும் சொல்லி முடித்தேன். ரயில் போயிற்று. போனில் ஒரு குரல் செய்தி. அனீஸா தன் வாப்பாவோடு ரயில் மேடையில் நிற்கிறாளாம், ரயில் ஏற அல்ல, கேட்க.

“கொழும்பு சரியா வந்திச்சி யசோ அக்கா. எச்சில் முழுங்கினது எனக்கு மட்டுந்தான் வெளங்கிச்சி.”