சிவப்பு அட்டை விழுந்த மாப்பிள்ளைக்கு

அன்பு மாப்பிள்ளை நாகராசு,

உயிரோடு இருந்தவரை உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். தங்கச்சி புருஷன் என்கிற பயம். இனி நீ முறுக்கிக்கொண்டு சரோஜாவை என் வீட்டில் கொண்டுவந்து விடப்போவதில்லை. அதனால் 'நீ'. நீ செத்துப்போனதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

மூக்கண்டப்பள்ளியில் நீயும் உன் கம்பெனி ஆட்களும் கலைக்கூடம் என்று பெயர் வைத்து வாடகைக்குப் பிடித்தீர்களே ஒரு தகர ஷெட், அதில் நீ ஆசைப்பட்ட கலை வாரம் சென்ற ஞாயிறோடு முடிந்தது. சோதனை இசை, சோதனைக் கவிதை, சோதனை ஓவியம். சோதனை யாருக்கு என்று கேட்காதே.

முதல் நாள் பெங்களூரிலிருந்து ஓர் இசைக்கலைஞர் வந்தார். இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு வயலின் வில்லால் தேய்த்துக்கொண்டே இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள். பகலெல்லாம் இதே சத்தத்தைச் சம்பளத்துக்குக் கேட்டவர்கள், இப்போது சும்மா கேட்டார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் காதடைப்பானை எடுத்துச் செருகிக்கொண்டார். இன்னொருவர் எழுந்து போய், கொஞ்சம் ஆயில் விடட்டுமா என்று கலைஞரைக் கேட்டார். மறுநாள் ஒரு கன்னடக் கவிஞர் வெறும் உயிரெழுத்துகளை வாசித்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எல்லா மொழிக்காரர்களுக்கும் சமமாகப் புரியவில்லை. இந்த எல்லையோர ஊரில் அப்படியொரு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

என் கதையையும் கேள். நகைச்சுவைக் கட்டுரை ஒன்றை வாசித்தேன். ஒரு சிரிப்பு இல்லை. முடிந்ததும் பெங்களூர் அம்மாள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு துயரத்தை இத்தனை எளிமையாகச் சொல்ல முடியுமா என்று கண் கலங்கினார். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

சரி, சுற்றி வளைத்தது போதும். உன் சிற்பத்துக்கு வருகிறேன். நீ அதை நிறுத்தி வைத்த மூலையில் அது இல்லை, மாப்பிள்ளை.

உன் டிபார்ட்மெண்ட் ஆட்கள், ஃபோர்மேன் முனிரத்தினம் தலைமையில், வாரம் தொடங்குவதற்கு வெகு முன்பே ஷெட்டைச் சுத்தம் செய்ய வந்தார்கள். லீவு நாளில் வந்தார்கள். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வேலையில் இறங்கினார்கள். கம்பெனியில் எப்படியோ அப்படியே. ஒவ்வொரு பொருளையும் காட்டி 'இது எதற்கு?' என்று கேட்பது, பதில் வராத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டுவது, அட்டை விழுந்ததைத் தேடி யாரும் வராவிட்டால் பழைய இரும்புக்குத் தள்ளுவது. இந்த முறையை அவர்களுக்குப் பழக்கியது யார்? பொருள் மேல் பாசம் வைக்கிறவன் வேலைக்கு லாயக்கில்லை என்று வகுப்பெடுத்தது யார்?

உன் சிற்பத்தின் முன்னால் நின்று அவர்கள் நேர்மையாக யோசித்திருக்கிறார்கள். உடைந்த பல்சக்கரங்கள், ரிஜெக்ட் ஆன பைப்புகள், உச்சியில் ஒரு குக்கர் மூடி. எந்த மிஷினுக்கு? ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டினார்கள் அட்டையை. கலைக்கூடத்துக்குப் பொறுப்பான பிரபாகர் மாஸ்டர் பெங்களூரில் விருந்தாளி பிடிக்க அலைந்துகொண்டிருந்தார். நான் நோட்டீஸ் அச்சடிக்கிறேன் பேர்வழி என்று கிருஷ்ணகிரியில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன். தேடி யாரும் வரவில்லை. பழைய இரும்புக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போய், காஸ் வைத்து வெட்டி, உலைக்கு அனுப்பிவிட்டார்.

தொடக்க நாளில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. காலி மூலையைக் காட்டிக் கேட்டபோது முனிரத்தினத்தின் முகத்தில் அப்படியொரு பெருமை. "எடத்த எப்பிடி வெச்சிருக்கோம் பாருங்க சார். நாகராசு சார் இருந்திருந்தா நூத்துக்கு நூறு போட்டிருப்பாரு." அங்கே இருந்தது என்ன என்று சொன்னேன். மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சுவரில் பெயர்ச் சீட்டு மட்டும் இருந்தது. எது எங்கே என்று முன்பே போட்டு வைத்த வரைபடத்தைப் பார்த்து யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 'நாகராசு. தலைப்பில்லை. இரும்பு.' கிழித்திருக்கலாம். ஆனால் அதற்குள் இரண்டு பேர் அந்தக் காலி மூலையின் முன் நின்று தலையாட்டிவிட்டார்கள். பிரபாகர் மாஸ்டருக்கு அது பிடித்துப்போயிற்று. வாரக் கடைசிக்குள் கண்காட்சியிலேயே உயர்ந்த படைப்பு அதுதான் என்றாகி, சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார்கள். நீ செய்ததைப் பார்க்க ஒரு ஆள் வந்ததில்லை. நீ செய்யாததற்கு வரிசை.

இதுவரை சிரித்துக்கொள். சிரிக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமை உன் ஊர்ப் பேரிகையிலிருந்து பஸ் ஏறி வந்தது.

நீ போனபிறகு சரோஜா பேரிகையில் உன் அம்மாவோடுதான் இருக்கிறாள். நீ இருந்தவரை அந்த ஷெட் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததில்லை. டாக்டர் படுத்திரு என்று சொன்ன பிறகும், விடிந்தால் நீ அங்கே போய்ச் சுத்தியலைப் பிடித்தாய். கடைசி மாதங்களை அவளிடமிருந்து எடுத்து அந்த இரும்புக்குக் கொடுத்தாய். பூத்திலிருந்து போன் செய்தாள். "அவர எங்கிட்டேர்ந்து புடுங்குனது எதுன்னு ஒரு தரம் பாக்கணும்ணா." அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. வராதே என்று சொல்லச் சில பொய்கள் தயாரித்தேன். எல்லாம் என் கட்டுரை மாதிரியே வந்தன.

வந்தாள். கயிற்றின் முன் நின்றாள். விமர்சகர் ஒருவர் அருகில் போய், இந்த வெறுமைதான் உங்கள் கணவரின் படைப்பு, அவர் இல்லாததை நீங்கள் இங்கே பார்க்கலாம் என்று பாதித் தமிழில் விளக்கினார். பொறுமையாகக் கேட்டாள்.

"அது வூட்லயே இருக்குதுங்களே சார். அத பாக்கவா பஸ் ஏறி வந்தேன்?"

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

வெளியே தண்ணீர் டேங்க் நிழலுக்கு அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். அட்டை, வண்டி, உலை, எல்லாம். கேட் அருகே தலையைத் தொங்கப்போட்டு நின்ற முனிரத்தினத்தைப் பார்த்து, அவரு சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"என்னதாண்ணா செஞ்சாரு?"

"உன்னத்தான்."

யாரிடமும் சொல்லாதீங்க மச்சான் என்று நீ சொன்ன ரகசியம். சொல்லிவிட்டேன். அவள் ரோட்டில் போன கண்டெய்னர் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வூட்லதானேண்ணா இருந்தேன்."

இதற்கு என்ன பதில், மாப்பிள்ளை? உனக்காவது தெரியுமா? நிஜ சரோஜா மூன்று தெரு தள்ளிக் கஞ்சியை ஆறவைத்துக்கொண்டு காத்திருந்தாள். நீ இரும்பில் அவளுக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தாய். எப்படி இருக்கும் அந்த மூக்கு என்று பார்த்துவிட்டுப் போகவாவது வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

பொய் எனக்குத் தொழில். அழகாக இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அழகாக இருந்தது என்று சொல்லிவிட்டால், உலையில் போனதற்கும் சேர்த்து அவள் காரியம் செய்ய வேண்டியிருக்கும்.

"இல்லம்மா. கம்ப்ரசர் மாதிரி இருந்துச்சு. மூக்கு கோணல். குக்கர் மூடிதான் கொண்ட."

"நெசமாவா?"

"நீ பாத்திருந்தீன்னா அவன வூட்டுக்குள்ளயே சேத்திருக்க மாட்ட."

சிரித்தாள், மாப்பிள்ளை. நீ போனபிறகு முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பப் போவட்டும்" என்றாள். பேரிகை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நான் சொன்னதில் பொய்யில்லை என்பது உனக்கே தெரியும். அசிங்கமாகத்தான் இருந்தது.

வருஷ நினைவு நாளுக்கு மேடை போடப்போகிறார்கள். உன்னை மாமேதை என்று நோட்டீஸில் போடப் பிரபாகர் மாஸ்டர் துடித்துக்கொண்டிருக்கிறார். யாராவது மைக்கைப் பிடித்து, 'ஒரு மகத்தான சிற்பத்தை இழந்துவிட்டோம்' என்று இழுத்தால், முன்வரிசையில் சரோஜா உட்கார்ந்திருப்பாள். நான் ஏறி மைக்கைப் பிடுங்குவேன். அந்தச் சிற்பம் எவ்வளவு கேவலம் என்று விலாவாரியாகச் சொல்வேன். ஒவ்வொரு வருஷமும் உன் பேரைக் கெடுப்பேன். அவள் நிம்மதியாகத் தூங்குகிறவரை, அது நன்றாக இருந்தது என்று சொல்ல ஒருவனையும் விடமாட்டேன். இது சத்தியம்.

தங்கச்சியை உனக்குக் கொடுத்துவிட்டு, அவள் சிரிப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்ட,
உன் மச்சான் மாதேசன்