நீ தொடக்கூடாத குளிசை

மகளுக்கு ஸலாம்.

நேற்று உன் கையைத் தட்டிவிட்டேன். உம்மா மௌத்தான நாளிலிருந்து எனக்கு மருந்துக் குளிசை எடுத்துத் தருவது நீதான். ஆனால் இந்தப் புதுக் குளிசையைப் பிள்ளைத்தாய்ச்சி தொடவே கூடாதாம்.

எலும்பு வருத்தம் என்று உன்னிடம் சொன்னது பொய். இது இரத்தப் புற்றுநோய். தனக்குத் தீனி வர, எலும்புக்குள் புதுப்புது இரத்தக் குழாய்களை முளைக்கவைக்கிறதாம். குளிசை அந்த முளைப்பை நிறுத்தும்.

"உங்கட மகள்ட வயித்துல பிள்ளைக்குக் கைகால் வாறதும் அப்பிடிக் குழாய் முளைச்சித்தான். மருந்துக்கு ரெண்டும் ஒண்டுதான்," என்றார் டொக்டர்.

தொடாதே என்றால் நீ கேட்கிற ஆளில்லை. அதனால்தான் சொல்லாமல் ஓட்டமாவடிக்கு, என் தங்கச்சி, உன் மாமி வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்குத் தந்த சீதன வீட்டிலிருந்து மாமனாரை மருமகன் விரட்டிவிட்டார் என்று காத்தான்குடியில் கதைப்பார்கள். மருமகனுக்கு மட்டும் உண்மையைச் சொல்.

போன கிழமை நான் தூங்கி எழும்பியபோது இந்தப் புதுக் குளிசை இருந்த என் மருந்துப் பெட்டி துடைத்து அடுக்கியிருந்தது. அதைப் பற்றி நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பிள்ளை பிறந்ததும் முகத்தைப் படமெடுத்து அனுப்ப அவசரப்படாதே. முதலில் கைகளை அனுப்பு. பத்து விரலையும் எண்ணிவிட்டுத்தான் அன்றைய குளிசையைப் போடுவேன்.

துஆவோடு,
உன் வாப்பா