சுடுநீரில் அவிழ்த்த குறுக்குக்கட்டு

இன்று காலை முட்டையை அவியப் போட்டுவிட்டுத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். தண்ணீர் வற்றி முட்டை வெடித்து, ஸ்காபரோ மாடிவீட்டில் என் குசினி முழுவதும் நாற்றம். சீ! யன்னலைத் திறந்தேன், காற்றாடியைப் போட்டேன், போகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தபோது உன் சிரிப்புக் கேட்டது. "உனக்கு எல்லாம் அருவருப்புத்தானடி" என்று என்னை எத்தனை தடவை பழித்திருப்பாய்.

ஓம் மச்சாள், எனக்கு எல்லாம் அருவருப்புத்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்த நாற்றத்தையும் முதன்முதலில் உன்னோடு போய்த்தான் முகர்ந்தேன்.

என் புருஷனின் தங்கச்சி நீ. அதற்கு முதலே எனக்கு வகுப்புத் தோழி. புற்றுநோயென்று உன் ஒரு மார்பை எடுத்து, வைத்தியமெல்லாம் முடிந்த பிறகு, உன் மகள் எங்கள் இருவரையும் ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மலைக்குள்ளே பழைய காலத்து விடுதி ஒன்று. நிலத்துக்குள்ளிருந்து கொதித்து வரும் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் உடம்பு நோவெல்லாம் போய்விடும் என்று அவள் எங்கோ பார்த்திருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அழுகின முட்டை நாற்றம். கந்தகமாம். அதைக் காசு கொடுத்து முகர ஊர் ஊராகச் சனம் வருகிறதாம். இராச் சாப்பாட்டில் தலையோடு கிடந்த மீன் என்னையே பார்த்தது. காலையில் சோற்றுக்கு மேலே பச்சை முட்டை. பக்கத்தில் புளிக்க வைத்த சோயா அவரைக்கொட்டை. கிளறினால் மூக்குச்சளி போல நூல் விட்டது. எனக்கு ஓங்காளம் வந்தது. நீயோ வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ருசி பரவாயில்லை" என்றாய். நான் பிஸ்கட்டில் உயிர் பிழைத்தேன்.

அதைவிடப் பெரிய அருவருப்பு குளிக்கிற இடத்தில் காத்திருந்தது. பெண்களுக்கென்று தனியாக ஒரு கல்தொட்டி. அதற்குள்ளே நாலைந்து பேர், ஒரு பொட்டுத் துணியில்லாமல், கழுத்தளவு தண்ணீரில். நாங்கள் கிணற்றடியில் அள்ளி ஊற்றிக் குளித்த சனம். பிறத்தியார் ஊறின தண்ணீருக்குள் போய் நாங்களும் ஊறுவதா? நீ ஆயத்தமாகத்தான் வந்திருந்தாய். பையிலிருந்து பாவாடையை எடுத்து, கிணற்றடியில் எல்லாப் பெண்களும் கட்டுவது போல நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டுக் கட்டினாய். எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தாய். இரண்டு பேரும் அப்படியே இறங்கினோம். பாவாடைகள் காற்றுப் பிடித்து, பூசணிக்காய் போல ஊதிக்கொண்டு மிதந்தன.

தொட்டியிலிருந்த பெண்கள் சட்டென்று ஒரு மூலைக்கு ஒதுங்கினார்கள். ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். விடுதியில் வேலை செய்யும் பெண் ஓடிவந்து, குனிந்து குனிந்து வணங்கி, பாவாடையைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, கையை விசிறினாள். உடுத்த துணி அந்தத் தண்ணீரில் படவே கூடாதாம். எங்கள் மானத்தைக் காத்த துணி அவர்களுக்கு ஊத்தை. நான் அவர்களை அருவருக்க, அவர்கள் என்னை அருவருக்க, நல்ல பொருத்தம்.

உன்னைப் பார்த்தேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீ கண்ணாடிக்கு முன்னால் உடுப்பு மாற்றியதில்லை. பெற்ற மகளுக்குக்கூட அந்தத் தழும்பைக் காட்டியதில்லை. வெளியே போவதென்றால் சட்டைக்குள் ஒரு சிலிக்கன் மார்பை வைத்துக்கொண்டுதான் போவாய். திரும்பி வந்ததும் செத்த தவளையைத் தூக்குவது போல இரண்டு விரலால் அதை எடுத்துப் போடுவாய். அந்த ஒரு அருவருப்பில் மட்டும் நாம் இருவரும் ஒற்றுமை.

"வா, போவம். அறையில குளிப்பம்" என்றேன்.

"நில்லடி. இவ்வளவு தூரம் வந்தது அறையில குளிக்கவே?"

நீ கரையேறிக் கட்டை அவிழ்த்தாய். ஈரப் பாவாடையைப் பிழிந்து, மடித்து, ஓரமாக வைத்தாய். தழும்பு கைக்கடியில் கமக்கட்டு வரை இழுபட்டுக் கிடந்தது. நீ மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிக் கண்ணை மூடினாய். நானும் அவிழ்த்துவிட்டு இறங்கினேன். அதைப்பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். ஒதுங்கிய பெண்கள் பழைய இடத்துக்கே வந்து இருந்தார்கள். மூக்கைச் சுளித்தவள் மடித்த துவாயைத் தலையில் வைத்துக்கொண்டு தூங்கி வழியத் தொடங்கினாள். கனநேரம் கழித்து நீ கண்ணைத் திறந்தாய்.

"ஒருத்தியும் பாக்கேல்லையடி" என்றாய். சொல்லிவிட்டு அழுதாய்.

புறப்படும் நாளில் அந்தச் சிலிக்கன் மார்பை அறைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தாய். பஸ்ஸுக்கு நிற்கும்போது அதே வேலைக்காரப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பூப்போட்ட துணியில் பக்குவமாகச் சுற்றி, இரண்டு கையாலும் உன்னிடம் நீட்டினாள். மறந்துவிட்டுப் போகிறாய் என்று நினைத்திருக்கிறாள், பாவம். அத்தனை சனத்துக்கு முன்னால் வாங்காமல் என்ன செய்வது? ரொறன்ரோ வரைக்கும் அது எங்களோடு வந்தது. ஆனால் அதன்பிறகு நீ அதைத் தொடவில்லை. கோயிலுக்கும் கலியாணவீட்டுக்கும் ஒருபக்கம் தட்டையாகவே போனாய். "பாக்கிறவை பாக்கட்டும்" என்றாய்.

நோய் திரும்பி வந்தது. நீ போய்விட்டாய். மலர்ச்சாலையில் உன் உடம்பைச் சனத்தின் பார்வைக்கு வைக்க முன்னர், சேலை உடுத்துவிட உன் பெரியக்காவும் மகளும் நானும் உள்ளே போனோம். பெரியக்கா தன் பையைத் திறந்தார். அதே பூப்போட்ட துணி. உன் அலுமாரியைக் கிண்டி எடுத்து வந்திருக்கிறார்.

"சனம் பாக்கும். ஒருபக்கம் இல்லாமல் என்னெண்டு அனுப்புறது?" என்று சொல்லிக்கொண்டே உன் சட்டைக்குள் அதைத் திணித்தார். நீ படுக்கையில் கிடந்தபோது, அறை நாறுகிறதென்று வாசலில் நின்றே சுகம் விசாரித்துவிட்டுப் போனவர். அப்போது உன்னைத் தொடாத கை, இப்போது ஊர் பார்ப்பதற்காக உன்னைச் சரிக்கட்டியது. பச்சை முட்டையும் சளி நூலும் ஒன்றுமில்லை மச்சாள். உண்மையான ஓங்காளம் எனக்கு அந்த அறையில்தான் வந்தது.

"எடுங்கோ அக்கா" என்றேன்.

"உமக்கென்ன விசரே? அவளின்ர மானம் போறேல்லையே?"

நான் உன் மகளைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவள் அவள். அழுது வீங்கின முகத்தோடு, "எடுங்கோ மாமி. ஷீ ஹேற்றட் இற். அம்மாக்கு அது துண்டறப் பிடிக்காது" என்றாள்.

எடுத்தேன். குளிர்ந்துபோய் வழுவழுத்தது. கையெல்லாம் கூசியது. அதைக் கைப்பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தேன். ஒஷாவாவில் இருந்தும் ஸ்ரௌவ்வில்லில் இருந்தும் சனம் வந்தது. பூப்போட்டு, உன் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போனது. நான் அழவில்லை. ஒவ்வொருவருடைய கண்ணும் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாராவது பார்க்கக்கூடாத இடத்தைப் பார்த்தால், செத்தவீடு என்றும் பாராமல் கேட்டுவிடுவதென்று இருந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சாமானைக் கார் நிறுத்துமிடத்துக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். காரை எடுக்க முன்னர் ஒருதடவை திரும்பிப் பார்த்தேன். யாரும் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வரவில்லை. பெரியக்கா இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. முப்பத்தோராம் நாள் உன் அந்தியேட்டிச் சாப்பாட்டில் என் தட்டை மட்டும் தாண்டிப் போனார். போகட்டும்.

குசினியில் இன்னும் நாறுகிறது. எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சநேரம் இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு மலர்ச்சாலையில் உன் காதுக்குள் சொல்ல வேண்டுமென்று எழும்பி வந்து, சனத்துக்குள் முடியாமல் திரும்பிப் போய் இருந்தேன். இப்போது சொல்கிறேன், கேள்.

ஒருத்தரும் பாக்கேல்லையடி.