வரவில்லை என்று எழுதியவள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மாதம் ஒரு தடவை அம்மாவுக்கு மட்டும் "நல்லா இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்புகிறாய். அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு தடவை படித்துவிட்டு, பாரு, நல்லா இருக்கானாம் என்று எனக்கும் காட்டுகிறாள். இங்கே மூன்று நாள் அறைக் கதவைத் திறக்காமல் கிடந்தபோதும் நீ உள்ளேயிருந்து அதையேதான் சொன்னாய். அதனால் அந்த வரியை நான் நம்புவதில்லை. நீ வேலை பார்க்கிற பட்டறை விலாசத்துக்கு எழுதினால் கடிதமாவது உன் கைக்கு வந்து சேரும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சமையலறை மூலையிலிருக்கும் ஒட்டடை வரைக்கும் அவளுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் கஷ்டகாலம். அத்தான் மீசையை எடுத்துவிட்டார். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்கிறார். இதுவரை யாரும் ஆமாம் சொல்லவில்லை. பெரியவள் உன் தோள் உயரம் வந்துவிட்டாள். நீ விட்டுப்போன கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

அடுத்தது என் ஆபீஸ் செய்தி. ஆபீஸ் என்றதும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. உனக்குப் புண்ணியமாகப் போகும், கடைசி வரை படி.

போன வருஷக் கடைசியில் எங்கள் மனநல நிலையத்துக்குச் சமவாய்ப்பு அலுவலர் என்று புதிதாக ஒரு பதவி போட்டு ஒரு அம்மாவை அனுப்பினார்கள். நிலையத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்குத் திறப்பதில்லை என்று பார்ப்பதுதான் வேலையாம். கதவு காலை எட்டரைக்கு எல்லோருக்கும்தானே திறக்கிறது, காவலாளியைக் கேட்டால் சொல்லப்போகிறார் என்று நாங்கள் சிரித்தோம். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. முதல் இரண்டு வாரம் தன் அறைப் பக்கமே போகவில்லை. காத்திருப்பு அறையில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், வருகிறவர்களோடு வருகிறவராக உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு உத்தியோகம் இருப்பது முன்னமே தெரியாமல் போச்சே என்று மருந்து கொடுப்பவரும் நானும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். வாயைத் திறந்தால் கேள்விதான். கேள்வி மேடம் என்று பெயர் வைத்ததும் உன் அக்காதான்.

ஒருநாள் என் கவுண்டருக்கு வந்து, எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். நான் ரிஜிஸ்டரை எடுத்துப் பெருமையாகக் காட்டினேன். என் கையெழுத்தைத்தான் உனக்குத் தெரியுமே, அச்சடித்த மாதிரி இருக்கும். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, வராதவங்க எங்கேம்மா என்றார். வராதவங்க அவங்க வீட்டில் இருப்பாங்க மேடம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

எங்கள் விதி உனக்குத் தெரியும். பெயரை இரண்டு தடவை கூப்பிடுவோம். எழுந்து வராவிட்டால் "வரவில்லை" என்று முத்திரை. மூன்று முத்திரை விழுந்தால் கோப்பை மூடி மேலே பரணுக்கு அனுப்பிவிடுவோம். கேள்வி மேடம் இரண்டு வருஷத்தில் மூடிய கோப்புகளையெல்லாம் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். கூட்ட அறையில் நாற்காலிகளை ஓரங்கட்டி, தெரு தெருவாகப் பிரித்துத் தரையில் அடுக்கினோம். தும்மித் தும்மி என் மூக்கு சிவந்துவிட்டது. அடுக்கி முடித்ததும் அவர் எதுவும் விளக்கவில்லை, எங்களை அறையைச் சுற்றி ஒருமுறை நடந்துவரச் சொன்னார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களின் அடுக்கு என் இடுப்புக்கு வந்தது. இந்தப் பக்கத்து அடுக்குகள் கணுக்காலைத் தாண்டவில்லை. தினக்கூலிக்காரர்கள், இரண்டு வீட்டில் வேலை பார்க்கிற பெண்கள், நம் பாஷை சரியாக வராத குடும்பங்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், எல்லோரும் அந்த உயரமான அடுக்கில்தான் கிடந்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? நாங்க யாருக்கும் பாரபட்சம் பார்க்கிறதில்லை மேடம், எல்லாருக்கும் ஒரே விதி, ஒரே குரல் என்றேன். அது எனக்குத் தெரியுதும்மா, அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்றார். யார் எந்தக் கோப்பை மூடினோமோ அவரவரே போய்க் கேட்க வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாதாம். அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்க வேண்டுமாம். என் பங்குக்கு நாற்பத்தொரு கோப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்று வீட்டில் பாத்திரமெல்லாம் என் கையில் பட்டபாட்டை அத்தானைக் கேட்டால் சொல்வார்.

முதலாவதாகப் போனது ஒரு தையல்கார அம்மாவிடம். (இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டுக்கொண்டேன்.) பள்ளிச் சீருடை தைக்கிற கடை. அவருக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. சைகை மொழி தெரிந்த ஒருவரை மேடம் கூட அழைத்து வந்திருந்தார். கேள்வியைச் சைகையில் சொன்னதும் அந்த அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, நூல்கண்டு டப்பாவிலிருந்து மூன்று டோக்கன்களை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று தேதிக்கும் வந்திருக்கிறார். மூன்று தடவையும் காலையிலிருந்து மதியம் வரை என் கவுண்டருக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். உதட்டைப் பார்த்தால் அவருக்குப் பாதி புரியும். ஆனால் நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டே அல்லவா கூப்பிடுவேன்? எல்லோரும் உள்ளே போனார்கள், என்னை மட்டும் யாரும் அழைக்கவில்லை, நம்மை இங்கே வேண்டாம் போலிருக்கிறது என்று போய்விட்டேன் என்று சைகையில் சொன்னார். கோப்பின் முதல் பக்கத்திலேயே டாக்டர் எழுதியிருக்கிறார், காது கேட்காது, எழுதிக் காட்டவும் என்று. அதற்கு இரண்டு விரற்கடை கீழேதான் என் மூன்று முத்திரையும் இருக்கிறது. என் கண்முன்னால் உட்கார்ந்திருந்தவரை நான் மூன்று முறை வரவில்லை என்று எழுதியிருக்கிறேன், தம்பி.

 அந்த மனுஷி எனக்குத் தேநீர் வாங்கிவரச் சொன்னார். இவர்தானே சத்தமாகக் கூப்பிடுகிறவர், எல்லோரும் திடுக்கிட்டு நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து தேநீர் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு நான் கேள்வி மேடத்தைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். ஆறு மாதத்தில் அவர் செய்ததைப் பார்த்தால் நீயே அசந்துபோவாய். பெயர் கூப்பிடுவது நின்றுவிட்டது. இப்போது எண் பலகைதான், அதுவும் போதாதவர்களுக்கு நாங்களே எழுந்து நாற்காலிக்குப் போகிறோம். குனிந்து பேச வேண்டியிருந்த கண்ணாடி ஓட்டையை உடைத்து, உட்கார்ந்து பேசுகிற மேஜை போட்டார்கள். என்ன பிரச்சினை என்று ஊர் கேட்கக் கேட்பதில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலமும் திறக்கிறோம். இதெல்லாம் கேட்டவுடனே கிடைக்கவில்லை. இயக்குநரிடம் பதினான்கு தடவை போயிருக்கிறார், பதினான்காவது தடவை தையல்கார அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். இன்று அந்த அம்மா எங்கள் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். போன கூட்டத்தில் இயக்குநர் வழவழவென்று பேசினபோது மேஜையைத் தட்டி நிறுத்தி, முடிவைச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் வராத தைரியம். மூடிய கோப்புகளில் பாதிக்கு மேல் திரும்பத் திறந்தாகிவிட்டது. இதற்கு முன்னால் நான் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது இவர் ஒருவரைத்தான்.

நாற்பது பேரைப் பார்த்து முடித்துவிட்டேன். மீதி ஒன்று யாருடையது என்று உனக்குத் தெரியும்.

கோப்பில் நம் வீட்டு விலாசத்தைப் பார்த்ததுமே மேடத்துக்குப் புரிந்திருக்கிறது. எல்லோர் முன்னாலும் ஒன்றும் சொல்லாமல், தனியாகக் கூப்பிட்டு, இதை வேற யாராவது கேட்கட்டுமா என்றார். நானே கேட்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு மூன்று மாதம் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

டாக்டர் உன்னை வாரா வாரம் வரச் சொன்னார். நீ மூன்று தடவை வரவில்லை. சொந்தத் தம்பி என்பதற்காக ஒரு சலுகையும் காட்டவில்லை என்று ஆபீஸில் பெயர் வாங்க எனக்கு ஆசை. என் கையாலேயே மூடினேன். மூடினதோடு விட்டேனா? அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா, அத்தான், குழந்தை எல்லோர் முன்னாலும், உனக்காக நான் ஆபீஸ்ல தலைகுனிஞ்சு நிக்கணுமா என்று கேட்டேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பதினோராம் நாள் அந்தப் பட்டறை வேலை கிடைத்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் எங்கள் காவலாளியிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. தம்பி மூணு தடவையும் வந்தாரும்மா, வாசல் கேட் பக்கத்துல நின்னு உள்ளே எட்டிப் பார்ப்பார், அப்புறம் போயிடுவார் என்றார். கடைசித் தடவை அவரிடம், அக்கா இன்னிக்கு லீவா என்று கேட்டாயாம். இல்லையே, உள்ளேதான் இருக்காங்க என்று அவர் சொன்னதும் திரும்பிப் போய்விட்டாயாம். அதைக் கேட்டபின் அன்று நான் ஒருவருக்கும் டோக்கன் கொடுக்கவில்லை. மருந்து கொடுப்பவர்தான் வந்து என் இடத்தில் உட்கார்ந்தார்.

உன்னைப் பற்றி உள்ளே சொல்ல வேண்டியதை அக்கா காதில் விழாமல் சொல்ல உனக்கு ஒரு இடம் வேண்டியிருந்திருக்கிறது. அந்த இடத்தின் வாசலில் நானே உட்கார்ந்திருந்தேன். என்னை மன்னித்துவிடு, தம்பி.

நீ இங்கே வர வேண்டும் என்று கேட்கவில்லை. உன் பட்டறையிலிருந்து நடக்கிற தூரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எங்களுடையது போல ஒரு நிலையம் இருக்கிறதாம். கேள்வி மேடம் விசாரித்துச் சொன்னார். அங்கேயும் சாயங்காலம் திறந்திருக்கும். விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் கோப்பை அங்கே அனுப்புவதும் அனுப்பாததும் நீ சொல்கிறபடி. அங்கே உனக்குச் சொந்தக்காரர் யாரும் வேலை பார்க்கவில்லை, அதையும் விசாரித்துவிட்டேன்.

போனாயா என்று கேட்க மாட்டேன். என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்க விடமாட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று எப்போதாவது என்னிடம் சொல்லத் தோன்றினால் சொல், குறுக்கே பேசாமல் கேட்பேன். நானா என்று சிரிக்காதே, பழகிக்கொண்டு வருகிறேன்.

தீர்க்காயுசாக இரு என்று எழுதித்தான் கடிதத்தை முடிப்பார்கள். எனக்கு அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் வேண்டாம். இந்த வாரம் இரு. அடுத்த வாரமும் இரு. அதற்கடுத்த வாரத்துக்கு நான் திரும்பவும் எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன்
அக்கா