சாமி மேசை லாச்சியில் ஓர் இன்ஹேலர்

அன்பு மகள் லோஜினிக்கு,

பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஆனந்தும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாய் இருக்க வேண்டும், அதைத் தவிர இப்போது எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. நானும் அம்மாவும் இங்கே சுகம் என்று வழக்கம்போல் எழுதப் போனேன், கை வரவில்லை. சாப்பிடுகிறோம், படுக்கிறோம், அவ்வளவுதான். தம்பி ஜெயந்திரன் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முந்தாநாள் முறையாக முடிந்தது. கிள்ளானிலிருந்து குமுதா மாமி வந்து மூன்று நாள் நின்று சமைத்துப் போட்டாள். போர்ட் கிள்ளான் கிடங்கில் அவனோடு வேலை செய்தவர்கள் ஷிஃப்ட் முடிந்த உடுப்போடு வேனில் வந்தார்கள், ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் மாதத்தில் பிளேன் ஏற வேண்டாம் என்று உன்னைத் தடுத்தது நான்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு.

இதைப் போனில் சொல்ல முடியாது, பக்கத்தில் அம்மா இருப்பாள். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன், தபாலில் விட்டால் கிளாஸ்கோ வர பத்து நாள் ஆகும். நேற்று அம்மா சொன்னாள், நீ ஆஸ்துமாவுக்குத் தினமும் இழுக்கும் பழுப்பு நிற இன்ஹேலரை நிறுத்திவிட்டாயாம், ஸ்டீராய்டு பிள்ளைக்குக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம், மூச்சு முட்டினால் நீலத்தை மட்டும் இழுக்கிறாயாம். நீ கவனமாக இருக்கிறாய் என்று அம்மா சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

தம்பிக்கு இருதயம் நின்றுவிட்டது என்று உனக்குச் சொன்னோம். பொய்யில்லை, கடைசியில் நின்றது அதுதான். முன்னால் நடந்ததை நான் மறைத்தேன். உனக்குப் பிள்ளை தங்க வேண்டும் என்று அவன் தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்து, நாற்பத்தெட்டு நாள் விரதம் பிடித்தது உனக்குத் தெரியும். முதல் நாளே நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன்னைப்போல் அவனும் இழுத்த இரண்டு இன்ஹேலரின் மருந்துத் தாள்களையும் வாசித்தேன். முப்பத்தொரு வருஷம் ஷா ஆலம் ஆபீசில் சின்ன எழுத்தை வாசிக்காமல் ஒரு கடுதாசியையும் மேசையைத் தாண்ட விட்டதில்லை என்று உங்களிடம் பீற்றிக்கொண்டவன் அல்லவா. பழுப்பின் தாளில் எத்தனால் என்று இருந்தது, அதாவது சாராயம். நீலத்தின் தாளில் இல்லை. விரதக்காரன் வாயில் மது படலாமா என்று கேட்டேன். அது மருந்துதானேப்பா, டாக்டர் நிறுத்தவே கூடாதுன்னாருலா என்று சிரித்தான். நான் அதை வாங்கிச் சாமி மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்து மூடிவிட்டு, தைப்பூசம் முடிந்து தருகிறேன் என்றேன். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பெருமைகூட வந்தது. பிறகு இருமல். நீலம் இருக்குப்பா, இழுத்தா சரியாயிடுது என்றான். ஆறாம் வாரம் ஒருநாள் வேலையால் வந்து, லாச்சியத் திறக்கட்டுமாப்பா என்று கேட்டான். இன்னும் பதினொரு நாள்தானே, பொறுத்துக்கொள் என்றேன். தைப்பூசத்தன்று காலை பத்துமலைப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். நாலைந்து தரம் நீலத்தை இழுத்தான். பாலக் கொண்டுபோய்க் குடுத்துடுங்கப்பா என்றான். தொண்டர்களிடம் அவனை விட்டுவிட்டு, மூச்சு ஆறிவிடும் என்று நம்பிக் குடத்தை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன். திரும்பி இறங்கியபோது அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

போன வாரம் அவனுடைய கிளினிக் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சின்ன வயது மலாய் டாக்டரம்மா, என்னை உட்காரவைத்து அந்த அட்டையின் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் காட்டினார். வெள்ளை அணுக்களில் இயோசினோபில் என்று ஒரு வகையாம், பூச்சி புழுக்களைக் கொல்ல உடம்பு வைத்திருக்கும் காவல்காரர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூசி பட்டாலே வேறு சில அணுக்கள் ஆபத்து என்று இவர்களைக் கூப்பிட்டுவிடுமாம். வந்தவர்கள் மூச்சுக்குழாய்ச் சுவரில் குந்திக்கொண்டு இல்லாத எதிரிமேல் விஷத்தைக் கொட்ட, சுவர் வீங்கி, சளி கெட்டியாகி அடைத்துவிடும். அவர்களைச் சேரவிடாமல் வைத்திருப்பது பழுப்பு. நீலம் குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்துவதோடு சரி. அதனால்தான் அவனுக்கு மூச்சு வந்துகொண்டிருந்தபோதே உள்ளே கூட்டம் சேர்ந்திருக்கிறது. அன்று எடுத்த ரத்தத்தில் அந்த அணுக்கள் வழக்கத்தைவிட நாலு மடங்கு. சாராய விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். அது ஒரு துளிக்கும் குறைவு அங்கிள், நாங்களும் நோன்பு வைக்கிறோம், எங்க ஆளுங்களும் இதைக் கேப்பாங்க, நீங்களும் கேட்டிருக்கலாம்லா என்றார். கேட்கவில்லை, லோஜினி. எல்லாம் வாசித்தவன் கேட்கவில்லை.

இன்று காலை உனக்காக மறுபடி போய்க் கேட்டேன். மாசமாய் இருப்பவர்கள் பழுப்பை நிறுத்தவே கூடாதாம், தாய்க்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் காற்றுக் குறையுமாம். உன் டாக்டரிடமும் இன்றே கேள். அவன் நேர்ந்தது எனக்காகத்தானே என்று நீ மனத்தைப் போட்டு வதைக்காதே, நேர்த்தி அவனைக் கொல்லவில்லை. அம்மாவிடம் நானே சொல்வேன், அந்த வேலையை உனக்கு வைக்கமாட்டேன்.

லாச்சியை இன்றுதான் திறந்தேன். இன்ஹேலரின் பின்னால் எத்தனை இழுப்பு மீதி என்று காட்டும் எண் நூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது. நாற்பத்தெட்டு நாளுக்கும் போதும், மிச்சமும் இருந்திருக்கும்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நீடூழி வாழ வேண்டும். குளிரில் கழுத்துத் துண்டு இல்லாமல் வெளியே போகாதே. அவன் கேட்டபோது பதினொரு நாள் பொறு என்றேன். நீ பதினொரு நிமிஷம்கூடப் பொறுக்காதே, எழுந்து போய் இழுத்துவிட்டு எனக்குப் போன் செய். பேச வேண்டாம், மூச்சுச் சத்தம் கேட்டால் போதும்.

உன் அப்பா,
சிவசம்பு