நீங்கள் ஊன்றி நின்ற விறைப்பு

பாய்,

வகுப்புக்கு எடுத்துப்போகும் பையை இன்று காலை தலைகீழாகத் தட்டினேன். பேனா மூடிகளோடு ஒரு நீலச் சாக்பீஸ் துண்டும் விழுந்தது. தையல்காரர்கள் துணியில் கோடு போடுகிற தட்டைச் சாக்பீஸ், தேய்ந்து தேய்ந்து கொட்டைப்பாக்கு அளவுக்கு ஆகியிருந்தது. உங்களுடையதுதான். போன வருட வகுப்பு முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்துபோனீர்கள். பையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை முதன்முதலில் பார்த்தபோது நான் மறுவாழ்வு மருத்துவம் படித்து முடித்து, ஆவடியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சில தசைகள் இறுகி விறைத்துக்கொள்ளும். அதைத் தளர்த்துகிற ஊசிதான் அப்போது என் பெருமை. யாருக்காவது முழங்கை மடங்கியிருப்பதைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். நீங்கள் பூந்தமல்லியிலிருந்து உங்கள் வீட்டம்மாவோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். இடது பக்கம் முழுக்க விறைப்பு. ஆனால் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"துணிய அமுக்கிப் புடிக்க இந்தக் கை கொஞ்சம் விரிஞ்சா போதும்மா. வெட்றதுக்கு சோத்தாங்கை நல்லாத்தான் கீது."

நான் அதோடு விடவில்லை. உங்களைப் படுக்க வைத்து முழங்காலை மடக்கிப் பார்த்தேன். மடங்குவேனா என்றது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "காலையும் சரி பண்ணிடலாம் பாய், இழுத்து இழுத்து நடக்க வேணாம்" என்றேன். நீங்கள் தயங்கி வீட்டம்மாவைப் பார்த்தீர்கள். "அதான் டாக்டரம்மா சொல்றாங்கல்ல" என்றார் அவர். கையோடு தொடையிலும் ஊசி போட்டேன். நோன்பு தொடங்கப்போகிற நேரம் அது. பெருநாள் துணிதான் உங்கள் கடைக்கு வருடத்தின் பெரிய வேலை என்பதையெல்லாம் நான் விசாரிக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தீர்கள். கை விரிந்திருந்தது. நெற்றியில் தையல் போட்டிருந்தது. துணி வெட்டும் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தபோதே முழங்கால் மடங்கி விழுந்திருக்கிறீர்கள்.

"இன்னா டாக்டரம்மா, அந்த விறைப்புலதானே நான் நின்னுகினு இருந்தேன்" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. அளவு தப்பிய சட்டையோடு திரும்பி வரும் வாடிக்கையாளரிடம் நீங்கள் பேசுகிற அதே நிதானம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலுவில்லாத காலை அந்த விறைப்புதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. நான் அதைப் பிடுங்கிவிட்டேன். உங்களை ஒருமுறை எழுந்து நிற்கச் சொல்லி உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மருந்தின் வேகம் அடங்க மூன்று நான்கு மாதம் ஆகும், அதுவரை செய்வதற்கு அதிகம் இல்லை. முழங்கால் மடங்காமல் இருக்க ஒரு பட்டை கட்டிவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி முடிந்ததை வெட்டினீர்கள். பெருநாள் துணியில் பாதியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தீர்கள் என்பது உங்கள் வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு நாள் போன் செய்தீர்கள். "வந்துட்டாம்மா! பழையபடி கட்டை மாதிரி நிக்கிறான்!" தன் கால் விறைத்ததைக் கொண்டாடிய ஒரே நோயாளி நீங்கள்தான். நானும் போனிலேயே சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு, மருத்துவ மாணவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்புக்குக் கூப்பிட்டபோதெல்லாம் வந்தீர்கள். சட்டையிலும் பேண்ட்டிலும் நீங்களே சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுவீர்கள். "இங்க குத்துனா கை விரியும். இங்க குத்துனா ஆளே காலி." மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த இரண்டாவது ஊசியை யார் போட்டது என்று எவனாவது கேட்டால், "யாரோ ஒரு டாக்டரு, வுடு நைனா. நம்ம டாக்டரம்மாதான் என்ன நிக்க வச்சாங்க" என்பீர்கள், என் பக்கம் திரும்பாமல்.

முதல் தடவையே நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அடுத்த வருடம் இன்னும் கஷ்டமாகிவிட்டது. அப்புறம் பேராசிரியை ஆனேன், விறைப்பைப் பற்றிப் பேச எங்கெங்கோ கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் உங்கள் கதையைச் சொன்னேன். அதிலும் 'ஒரு டாக்டர்' என்றுதான் சொன்னேன்.

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன பிறகு, போன வாரம்தான் முதல் வகுப்பு. ஊசியை எடுக்கும் முன் நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லுங்கள், இந்த விறைப்பு எதற்காவது உதவுகிறதா என்று கேளுங்கள் என்றேன். வழக்கமாக அந்த இடத்தில்தான் உங்களைக் கூப்பிடுவேன். பழக்கத்தில் வாசலைப் பார்த்துவிட்டேன். பிறகு எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"பூந்தமல்லில ஒரு டெய்லர் இருந்தார். அவரை விழ வச்ச டாக்டர் நான்தான்."

முழுக்கச் சொன்னேன் பாய். நெற்றித் தையல், திரும்பிப்போன துணிகள், உங்கள் பின்னால் நான் ஒளிந்துகொண்ட வருடங்கள், எல்லாவற்றையும். யாரும் சிரிக்கவில்லை. திருவேற்காட்டிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் மெதுவாகக் கேட்டாள். "அவருக்கு உங்க மேல கோவமே இல்லையா மேடம்?"

இல்லை, அவர் தங்கமான மனிதர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். அத்தனை வருடம் பக்கத்தில் நின்றீர்களே, பாய்.

"தெரியாதும்மா" என்றேன். "நான் அவரைக் கேட்டதே இல்ல."