வெயிலில் காயவைத்த காப்பிக்கொட்டை

மன்னார்குடி வட்டம்
18.11.1973

அன்புள்ள மகன் செல்லதுரைக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் நலம் அறிய ஆவல். நாங்கள் நலம் என்றுதான் முதலில் கை எழுதிவிட்டது, அடித்துத் திருத்தியிருக்கிறேன். அங்கே மலையில் குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே சம்பா நடவு முடிந்தது, நம் தெருவில் யாரையும் கூப்பிடவில்லை, வெளியூர் ஆட்கள் நட்டார்கள். ஆட்சி மாறிக் கூலிக்குச் சட்டம் வந்தது. அந்தக் கூலியைக் கேட்டு வரப்பில் நின்றவள் உன் அம்மா. பண்ணைக் காரியக்காரர் வாய்க்காலில் விழுந்து கை முறிந்ததை அவள் தலையில் கட்டி மூன்று வருஷம் சிறை போட்டார்கள், அது உனக்குத் தெரிந்ததுதான்.

நீ வறுத்து அனுப்பிய காப்பிக்கொட்டை ஆடியிலேயே வந்தது. அப்பீலில் விடுதலையாகி அம்மா வந்து குடிக்கட்டும் என்று வைத்தேன். எனக்குத் தெரிந்தது விதைநெல் வைப்பதுதான். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டுப் பானையில் கொட்டி, வாயைச் சாணத்தால் மெழுகினேன். அம்மா மோந்து பார்க்க ஒரு பிடி கொண்டுபோகலாம் என்று திங்கட்கிழமை திறந்தேன். மணமே இல்லை, கையில் எண்ணெய்ப் பிசுக்கு. கடைத்தெருவில் காப்பித்தூள் விற்கும் ஜன்னத் பீவியிடம் காட்டினேன். ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு, "என்னண்ணே, வெதச்சா மொளைக்கும்னு நெனச்சீங்களா" என்று சிரித்தார். வறுத்த கொட்டைக்கு வெயிலும் காற்றும் ஆகாதாம், இறுக மூடும் தகர டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி, நிழலில் வைக்க வேண்டுமாம், அப்படி வைத்தாலும் மாதக்கணக்கில் தாங்காதாம். யாருக்கு வைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் வெறுங்கையோடு சிறைக்குப் போனேன். வாசலிலேயே வக்கீல் தியாகராசன் நின்றிருந்தார். அப்பீல் தள்ளுபடி, இதற்கு மேல் போக வழியில்லை, மூன்று வருஷமும் இருந்தாக வேண்டும் என்றார். உள்ளே அம்மா முதலில் கேட்டது கொட்டையைத்தான். மணம் இருக்கிறதா என்றாள். இருக்கிறது என்றேன். "பொடி பண்ணிடாதீங்க. தைக்குள்ள வந்துடுவேன், நானே இடிச்சிக்கிறேன்" என்றாள். இளைத்துவிட்டாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இனி கொட்டை அனுப்பாதே. அடுத்து பார்க்கப் பதினைந்து நாள் இருக்கிறது, அதற்குள் அப்பீல் போனதை வேறு யாராவது அவளிடம் சொல்லிவிட்டால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. எனக்கு வாய் வரவில்லை.

நோய்நொடி இல்லாமல், உன் பெயரில் ஒரு வழக்கும் இல்லாமல் இரு. அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் தை மாதத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே.

உன் அப்பா
வீரையன்